குலவை கேட்ட மரம்

உலகம் பூராவும் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய ஒரு இங்கிலீஷ் சினிமா, கடலில் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே செந்தேரிவிளை என்ற ஊரில் வந்து இறங்கியது. ஊரைச் சுற்றி மைல் கணக்கில் செக்கச்செவேலென்று தேரி மணல், மணலில் குடை பிடித்தது போல உச்சி தட்டையான உடைமரங்கள், நடுநடுவே பனை. இதைவிட நல்ல ஆப்பிரிக்கா ஆப்பிரிக்காவிலேயே கிடைக்காது என்று படத்தின் டைரக்டர் சொன்னாராம். சொன்னவர் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை. செந்தேரிவிளைக்காரர்களும் பார்த்ததில்லை. ஆகவே இரண்டு தரப்புக்கும் தகராறு இல்லாமல் வேலை தொடங்கியது.

டைரக்டருக்குப் பெயர் பெம்பர்டன். ஊர் அதை ஒரே நாளில் பம்பரத் துரை என்று ஆக்கிக்கொண்டது. அவரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை சுற்றிக்கொண்டேதான் இருந்தார். அவர் பேசுவதை ஊருக்குச் சொல்லவும், ஊர் பேசுவதில் மரியாதையானதை மட்டும் பொறுக்கி அவருக்குச் சொல்லவும் மிஷன் பள்ளிக்கூடத்து ஞானதிரவியம் வாத்தியார் வந்திருந்தார். உடைமர நிழலில் ஊரைக் கூட்டி உட்காரவைத்து வாத்தியார் கதையைச் சொன்னார். ஆப்பிரிக்காவில் ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரு பெரிய மரம்தான் சாமி. சண்டை விமானம் இறங்க இடம் வேண்டும் என்று ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வருகிறார். மரம் குறுக்கே நிற்கிறது. ஜனங்கள் முதலில் மாட்டோம் என்கிறார்கள், பிறகு ஆபீசரின் நல்ல மனதைப் புரிந்துகொண்டு தங்கள் கையாலேயே மரத்தைக் கொளுத்துகிறார்கள், பெண்கள் சந்தோஷமாகக் குலவை போடுகிறார்கள், விமானம் வந்து இறங்குகிறது, சுபம்.

"சாமியக் கொளுத்திட்டுச் சுபமா?" என்று கேட்டாள் பேராச்சி. ஊரிலேயே நல்ல கருப்பட்டி காய்ச்சுகிறவள் அவள்தான், வாயும் அவளுக்குத்தான். வாத்தியார் இதைத் துரைக்குச் சொல்லவில்லை.

ஊரில் அப்போது ஆப்பிரிக்காவைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் பேராச்சியின் பக்கத்து வீட்டுப் பொன்னுக்கனி. அவள் புருஷன் சிவனணைஞ்சான் பனையேறி. பனை பாலறுந்து, பதனீர் நின்று போன ஒரு பஞ்ச வருஷத்தில் மிலிட்டரிக்குச் சமையல்காரனாகப் போனான். பம்பாயில் கப்பலேறி மொம்பாசாவில் இறங்கியதாக ஒரு சேதி வந்தது. அதோடு சரி. பிறகு மழை வந்தது, பனை பாளை விட்டது, பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள் செத்த தந்தியும் வந்தது, இவனைப் பற்றி மட்டும் நல்லதோ கெட்டதோ ஒன்றும் வரவில்லை. தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதே அவளுக்கு வேலையாகிப் போனது.

செந்தேரிவிளையில் குலவைக்கு முதல் வாய் பொன்னுக்கனியுடையது. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பொங்கல் பொங்கும்போது, பெண்பிள்ளை ஆளானால், அம்மன் இறங்கினால், வருஷத்தின் முதல் பதனீர்க் கலயம் பனையிலிருந்து இறங்கினால் குலவை. விளையாட்டுக்குப் போடுவது கிடையாது. போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. குலவை போட்ட காரியம் நடந்தே தீர வேண்டும். இன்னொன்றும் உண்டு. குலவை பாதியில் அறுந்து நிற்கக் கூடாது. ஒருத்திக்கு மூச்சு முட்டினால் பக்கத்தில் நிற்பவள் அதே இடத்தில் பிடித்து முடித்துக்கொடுக்க வேண்டும். அறுந்த குலவை அந்த வீட்டுக்கு ஆகாது.

படக்காரர்கள் மூங்கிலை வளைத்துக் கட்டி, சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி ஒரு மரம் செய்தார்கள். தேர் அளவுக்கு அடிமரம், அதன் வயிற்றில் ஆள் நுழையும் பொந்து, உச்சியில் வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டது போலக் கட்டையான கிளைகள். ஊர் அதற்குப் பூச்சு மரம் என்று பேர் வைத்தது. பெண்கள் அதைச் சுற்றி நின்று குலவை போட வேண்டும், அதுதான் முதல் காட்சி. தோளைத் திறந்துபோட்டு நிற்க வேண்டும் என்று துரை சொன்னதற்கு, துணியைக் குறைக்கிற பேச்சு இருந்தால் வேறு ஊர் பாருங்கள் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதைக்கூட அவர் ஒத்துக்கொண்டார். குலவையில்தான் சிக்கல் வந்தது.

"பிளாஸ்டருக்கு எப்படிளா குலவை போடுதது?" என்றாள் பொன்னுக்கனி. "பொய்க் குலவை போட்ட வாயி புழுத்துப் போவும்."

"போடலன்னா வேலை நின்னு போவும்," என்றாள் பேராச்சி. "ஒண்ணு செய்வோம். பொய்யா இருந்தாத்தான தப்பு? முறைப்படி செஞ்சிருவோம். பொறவு அது பொய்யில்லல்லா."

அப்படியே செய்தார்கள். அடிமரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மஞ்சள் கயிறு கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள், இங்கே பிடி, இங்கேயே இரு என்று அம்மனை நட்டுவைக்கும்போது சொல்லும் வார்த்தையைச் சொன்னார்கள். பம்பரத் துரை இதெல்லாம் நடிப்பு என்று நினைத்துச் சந்தோஷத்தில் காமிராவை நிறுத்தவே இல்லை. பொன்னுக்கனி கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயோ சட்டி கழுவிக்கொண்டிருக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றி முதல் குலவையை எடுத்தாள். மூன்று குலவை, ஒன்றும் அறுக்காமல், தேரி அதிரப் போட்டு முடித்தார்கள். மரத்துக்கு வேறு வழி இல்லை. அது வேர் பிடித்தது.

முதலில் ஒரு துளிர். படக்காரர்களில் ஒருவன் அதைக் கிள்ளி எறிந்தான். நேற்றுப் பிடித்த காட்சியில் துளிர் கிடையாதே என்பது அவன் கவலை. மறுநாள் கிளை முழுக்கத் துளிர். பிறகு பிளாஸ்டர் பட்டையாக மாறியது, மூங்கில் வைரம் பாய்ந்தது. ஆடுகள் வந்து நின்றன. பேராச்சி இலையைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பொரியல் வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொழகொழப்புதான், புளி சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஊருக்குத் தகவல் சொன்னாள். அம்மன் கோயில் பூசாரி வந்து அங்கே ஒரு சூலம் நட வேண்டும் என்றார். வாத்தியார் தயங்கித் தயங்கி ஒரு ஜெபம் செய்யலாமே என்றார். இரண்டும் வேண்டாம், மரம் மரமாகவே இருக்கட்டும் என்று பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் முறை காட்சி பிடித்தபோதுதான் பதில் வந்தது. மூன்றாவது குலவையை முடித்துப் பெண்கள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பொந்துக்குள்ளிருந்து இன்னொரு குலவை எழுந்தது. எதிரொலி இல்லை. இவர்களுடையதைவிடக் கனமாக, கடைசியில் மேலே தூக்கி வெட்டி நிறுத்துகிற வேறு ஒரு குலவை. கூடவே மழை நனைத்த மண் வாசம் வந்தது, தேரி மண்ணின் வாசம் இல்லை, கறுப்பு மண்ணின் வாசம்.

"வேர் பிடிச்சிட்டுல்லா," என்றாள் பேராச்சி. "வேர்னா எங்கயாவது போய்த்தான ஆவணும். இது ஆப்பிரிக்கா மரம். அங்க போயிருக்கு."

அதற்கு மேல் யாரும் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்யவில்லை. ஒரு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்துப் பொந்துக்குள் தள்ளினார்கள். திரும்பப் பார்த்தபோது பெட்டியில் கருப்பட்டி இல்லை; வெல்வெட்டுத் தோல் போர்த்திய ஒரு நீளக் காய் இருந்தது, உடைத்தால் உள்ளே வெள்ளையாகப் புளிப்பு மாவு. குழம்புக்கு நன்றாக இருந்தது. அடுத்து உப்பு போனது, சோளமாவு வந்தது. சாமான் போகும், சத்தம் போகும், ஆள் மட்டும் போக முடியாது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று உள்ளே நுழைந்த வாத்தியார் மரத்தின் மறுபக்கத்தில் தலையை இடித்துக்கொண்டு திரும்பினார். சிங்கப்பூரில் மகன் இருப்பவர்கள், ரங்கூனில் அண்ணன் இருப்பவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து வரிசையில் நின்றார்கள். அந்தப் பொந்து ஒரே ஒரு ஊருக்குத்தான் போகிறது என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பேராச்சிக்குத் தொண்டை கட்டியது. தபால்காரருக்கு மட்டும் மனத்தாங்கல். தன் வேலையில் மரம் கைவைப்பதாக அவர் நினைத்தார்.

அந்தப் பக்கத்துக் குரல்களில் ஒன்று தினமும் வந்தது. பொன்னுக்கனி தன் பெயரை மூன்று முறை சொன்னாள்; அது தியாமிகே, தியாமிகே என்று மூன்று முறை சொன்னது. பெண் குரல், தன் வயதுதான் இருக்கும். ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது. ஆனாலும் சண்டை புண்ணியத்தில் சில வார்த்தைகள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தன. பர்மா என்றாள் அவள், பர்மா, ஜைலோசி, பர்மா; சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமல் இருத்தலை மொழிபெயர்க்கப் பொன்னுக்கனிக்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

தன் பங்குக்கு அவளும் சொல்ல வேண்டியிருந்தது. மிலிட்டரி என்றாள், மொம்பாசா என்றாள். அதற்கு மேல் போக முடியவில்லை, ஏனென்றால் அடுத்து வர வேண்டியது புருஷன் பெயர். அந்தப் பெயரைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் ஆளைத்தான் சொல்லச் சொல்வாள். ஆகவே பேராச்சி பொந்துக்குள் தலையை விட்டுக் கத்தினாள்.

"சிவனணைஞ்சான். இவ மாப்பிள்ளை பேரு. நெட்டையா இருப்பான், இடது புருவத்துல வெட்டு உண்டு. சிவ-ன-ணைஞ்-சான்."

"சிவனன்ஜா," என்றது பொந்து.

"அது போதும்," என்றாள் பேராச்சி. "அவன் யோக்கியதைக்கு அம்புட்டுப் பேரு போதும்." அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் பேராச்சி பெயரைச் சொல்வாள், தியாமிகே திருப்பிச் சொல்வாள், பொன்னுக்கனி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தன் புருஷன் பெயரை இரண்டு பெண்கள் மாறி மாறிக் கூவுவதைக் கேட்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிரார்த்தனை போலவும் இருந்தது.

படம் இழுத்துக்கொண்டே போனது. பிலிம் வரவில்லை, பிலிம் வந்தால் நடிகருக்கு மலேரியா, நடிகர் எழுந்தால் மேகம். ஒருநாள் ஆபீசர் வேஷக்காரர் மரத்தின் முன்னால் நின்று நீளமாக வசனம் பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஊரே எதிரில் உட்கார்ந்திருந்தது. வசனம் முக்கால் பங்கு முடிந்த நேரத்தில் பொந்துக்குள்ளிருந்து காக்கி உடுப்பும் தோளில் பையுமாக ஒரு நெட்டை ஆள் குனிந்து வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, ஆபீசரைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஒரு சல்யூட் அடித்தான்.

பம்பரத் துரை "கட்" என்று கத்தினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

பொன்னுக்கனி எழுந்து நின்றாள். இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் அத்தனை நாள் பொறுத்திருந்தாள். இப்போது ஒரு குலவைதான் போட முடியும், வேறு ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்தாள். பாதி வந்ததும் அறுந்துவிட்டது. எந்த வீட்டு விசேஷத்திலும் அறுந்திராத அவள் குலவை, தன் வீட்டு விசேஷத்தில் அறுந்தது. பேராச்சி ஒரு கணம்கூட விடாமல் அதே இடத்தில் பிடித்து முடித்துக்கொடுத்தாள்.

சிவனணைஞ்சான் அன்று சாயந்தரம் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே ஊருக்குச் சொன்னது இது. ஆப்பிரிக்காவின் உள்பகுதியில் ஒரு மண் ரோட்டில் அவன் லாரி போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல், கால் வீக்கம், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகிற வழி. ரோட்டோரம் ஒரு சந்தை. ஒரு பெண் லாரிக்கு நேராக ஓடிவந்து சிவனன்ஜா, சிவனன்ஜா என்று கத்தினாள். லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவன் லாரியைத் தட்டி நிறுத்தினான். இறங்கி, நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் இவன் முகத்தை உற்றுப் பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அந்த ரோட்டுல போற காக்கிச் சட்டை ஒவ்வொருத்தனையும் பாத்து அவ கத்திக்கிட்டே இருந்திருக்கா," என்றான் சிவனணைஞ்சான். "அந்தச் சந்தைப் பொம்பளைய எல்லாம் கத்துவாளுவளாம். வெத்தலை விக்குத மாதிரி எம் பேரை வித்திருக்காளுவ. எம் பொண்டாட்டி சொல்லாத பேரை ஆப்பிரிக்கா பூரா சொல்லிட்டு."

அவன் அங்கே தங்கிய கொஞ்ச நேரத்தில், தோளில் இருந்த பையை இறக்காமலே, மிலிட்டரியில் கற்ற அரைகுறைப் பாஷையில் மற்ற விவரமும் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஜைலோசி என்பது தியாமிகேயின் புருஷன். அவர்கள் ஊர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டுபோய்ப் பர்மாக் காட்டில் சண்டைக்கு விட்டிருக்கிறார்கள். பிறகு அவள் இவனை அவர்கள் ஊர் மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பொந்தைக் காட்டி, முதுகில் கைவைத்துத் தள்ளினாள். வாத்தியாருக்கு மண்டை இடித்த இடத்தில் இவனுக்கு வழி இருந்தது. வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு மட்டும்தான் அந்த வழி விடும் என்று பேராச்சி அன்றே கண்டுபிடித்துச் சொன்னாள், யாரும் மறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து செந்தேரிவிளைப் பெண்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. தூத்துக்குடிக்குக் கருப்பட்டி கொண்டுபோகிறவர்கள், திருச்செந்தூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள், கப்பலடியில் உப்பு மூட்டை தைக்கிறவர்கள் எல்லாரும் மிலிட்டரிக்காரர்களைக் கண்டால், அவர்கள் எந்த நிறத்தில் இருந்தாலும், ஜைலோசி என்று கூவினார்கள். கூடவே செந்தேரிவிளை, பொன்னுக்கனி என்று விலாசமும் சொன்னார்கள். மதுரைப் பக்கம் வாக்கப்பட்டவர்கள் அங்கே ரயிலடியில் கூவினார்கள். பெயர் வாய் மாறி வாய் மாறிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கடைசிக் காட்சி வந்தது. ஆகாயப்படை ஒரே ஒரு விமானத்தைத் தர ஒத்துக்கொண்டிருந்தது, நாளை சாயந்தரம், ஒரே ஒரு தடவை, தாழப் பறந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் மரம் எரிய வேண்டும். வேலைக்காரர்கள் மண்ணெண்ணெய் டின்களைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றி வைத்தார்கள்.

பொன்னுக்கனி சமைத்துக்கொண்டிருந்தவள், அடுப்பை அவித்துவிட்டு நேராகப் போய்ப் பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வா என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். வரவில்லை. கடைசியில் சிவனணைஞ்சான் வந்து குனிந்து பார்த்தான்.

"ஏளா, இதென்ன கூத்து? நான்தான் வந்துட்டேம்லா. இனி இந்த மரம் உனக்கு என்னத்துக்கு?"

"நீங்க வந்துட்டிய," என்றாள் அவள். "ஒங்க பேரை வெயிலுல நின்னு கூவுனவளுக்கு இன்னும் ஆளு வரலல்லா. நாளைக்கு அவன் வந்து நின்னு வழி எங்கன்னு கேட்டா, கரியக் காட்டுவியளா?"

அவன் கை தன் முதுகைத் தடவிப் பார்த்தது. அவன் முதுகில் அந்தப் பெண் கை வைத்துத் தள்ளிய இடம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தள்ளி உக்காரு," என்று சொல்லிவிட்டு அவனும் உள்ளே போய் உட்கார்ந்தான்.

பம்பரத் துரை வாத்தியாரோடு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மணலில் மண்டியிட்டுப் பொந்துக்குள் பார்த்துப் பேசினார். லண்டனில் தினமும் குண்டு விழுகிறது, ஜனங்கள் வீட்டையும் பிள்ளையையும் இழந்துவிட்டுத் தியேட்டரில் வந்து உட்காருகிறார்கள், தங்களுக்குப் பிரியமானதை ஒரு ஊர் மனசார விட்டுக்கொடுப்பதைப் பார்த்தால் அவர்களுக்குத் தெம்பு வரும் என்றார். வாத்தியார் அதை அப்படியே, ஒன்றும் விடாமல் சொன்னார்.

பொன்னுக்கனிக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. "பாவம்தான்," என்றாள். "ஆனா இது எங்களுக்கு மட்டும் சொந்தமில்ல, வாத்தியாரய்யா. அந்தப் பக்கமும் ஒரு ஊரு இருக்கு. அவியளக் கேக்காம நாங்க எப்படி விட்டுக்கொடுக்க? அவருக்கு எரியுததுக்கு ஒரு மரம் வேணும், அம்புட்டுத்தான? எங்க ஆம்பளைய செஞ்சு கொடுப்பாவ."

ஒரு மாதம் ஆனது இந்த மரத்தைச் செய்ய என்றார் துரை.

"அது அவிய கணக்கு," என்றான் சிவனணைஞ்சான் உள்ளேயிருந்து. "நாங்க பனையேறிய."

இரண்டு பக்கத்துக் கணக்கும் மறுநாள் உச்சிக்குள் தெரிந்துவிட்டது. பனைமட்டையை வளைத்துக் கட்டினார்கள், நாரால் முடிந்தார்கள், ஓலையும் சாக்கும் சுற்றினார்கள், செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார்கள். பதினைந்து இருபது பேர் பனையில் ஏறுகிற வேகத்தில் அதன்மேல் ஏறி இறங்கினார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. இந்த மரத்தில் யாரும் மஞ்சள் கையை வைக்கக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, இருந்துக்கோ பிடிச்சுக்கோ என்பது போல ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது. பேராச்சி எதற்கும் இருக்கட்டும் என்று அதன் எதிரில் உட்கார்ந்து காலையிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்தபோது துரை காமிரா வழியாக இரண்டையும் பார்த்தார். வேர் பிடித்த மரம் சினிமாவுக்கு உதவாது, பார்த்தால் பொய் மாதிரி இருக்கிறது, இந்தப் புது மரம்தான் நிஜம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது குலவை. எரிகிற மரத்துக்குக் குலவை போட முடியாது, அது நடக்காத காரியம். பெண்கள் கூடிப் பேசி அதற்கும் வழி கண்டார்கள். விமானம் கடல் பக்கமிருந்து இரைந்துகொண்டு வந்தது, ஆண்கள் தீ வைத்தார்கள், பேராச்சியின் திட்டுகளை எல்லாம் குடித்த மரம் நிமிஷத்தில் பற்றியது. பெண்கள் மொத்தமாகத் தீக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தூரத்தில் இலையும் தழையுமாக நின்ற தங்கள் மரத்தைப் பார்த்து மூன்று குலவை போட்டார்கள். அந்தப் பக்கமிருந்து பதில் குலவையும் வந்தது. படத்திலும் அது இருக்கிறது. பின்னாளில் படம் கொட்டகைக்கு வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. சாமி எரிவதைப் பார்க்கச் சகிக்காமல் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் காட்சி கல்லையும் கரைக்கும் என்று சீமைப் பத்திரிகை ஒன்று எழுதியதாக வாத்தியார் சொன்னார். பேராச்சி கொட்டகையில் வாய்விட்டுச் சிரித்தாள்.

சண்டை முடிந்தது. படக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஒரு மாசி மாதத்துக் காலையில், சூடு ஏறுவதற்கு முன்னால், தேரி மணலில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. தொளதொளத்த காக்கி உடுப்பு, ஒரு காலை இழுத்து இழுத்து நடை, முகத்தில் ஊர் ஊராக வழி கேட்டுக் களைத்த களைப்பு. பதனீர் காய்ச்சிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவன் கிட்டே வந்து, வாயில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்ததை எடுத்துக் கொடுப்பது போல ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"பொன்னுக்கனி."

"வாரும்யா," என்றாள் பொன்னுக்கனி. "இம்புட்டு நேரமா?"

உட்காரவைத்துப் பதனீர் கொடுத்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள். சாப்பிட்டான். சிவனணைஞ்சான் அவன் காலைப் பிடித்துப் பார்த்து எண்ணெய் தேய்த்துவிட்டான். பிறகு பேராச்சி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை அவன் கையில் கொடுத்தாள், ஊர் சேர்ந்து மரத்தடிக்கு நடந்தது. பொந்துக்கு முன்னால் அவன் நின்றான். உள்ளே இருட்டாக இருந்தது. எத்தனையோ இருட்டுக்குள் போகச் சொல்லி அவனை விரட்டியிருப்பார்கள், அவன் கால் தயங்கியது. சிவனணைஞ்சான் அவன் பின்னால் போய், முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

ஆள் மறைந்தான். ஊர் காத்திருந்தது. எப்போதும் இங்கிருந்துதான் குலவை தொடங்கும். பேராச்சி பொன்னுக்கனியின் முழங்கையை இடித்தாள், தொடங்கு என்று. பொன்னுக்கனி தலையை ஆட்டினாள். இது அந்தப் பக்கத்து விசேஷம், தியாமிகேதான் தொடங்க வேண்டும். போய்ச் சேர்ந்தானா, வழியில் நின்றுவிட்டானா, அங்கே அவள் இருக்கிறாளா என்று ஒருவருக்கும் தெரியாது. பொன்னுக்கனி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள், யாருக்காகப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொந்துக்குள்ளிருந்து குலவை எழுந்தது. ஒரே குரல், கனமான குரல், மேலே ஏறியது, ஏறி வெட்டி நிறுத்த வேண்டிய இடத்துக்கு வரவில்லை. பாதியில் அறுந்தது. பொன்னுக்கனிக்கு அந்த இடம் தெரியும். அவளுக்கும் அங்கேதான் அறுந்தது. அவள் ஒரு கணம்கூட விடவில்லை. பொந்துக்குள் தலையை நுழைத்து, அறுந்த இடத்தில் பிடித்து, தன் ஊர் மாதிரி இல்லாமல் அவர்கள் ஊர் மாதிரியே மேலே தூக்கி, வெட்டி, முடித்துக்கொடுத்தாள்.